அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ்

பழைய பிரிட்டிஷ் வெள்ளி சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் நடப்பது ஒன்றுதான். பொருளைக் கவிழ்ப்பார்கள், லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். ஸ்டெர்லிங் தரத்தைச் சொல்லும் நடக்கும் சிங்கம் இருக்கிறதா, லண்டனைச் சொல்லும் சிறுத்தைத் தலை இருக்கிறதா, ஆண்டெழுத்து எது, செய்தவர் முத்திரை யாருடையது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாம் பொருந்திவந்தால் பொருள் அசல். ஒன்று உறுத்தினாலும் போலி, பேச்சு முடிந்தது. நானும் அப்படித்தான் பழகினேன், இன்றைக்கும் பெரும்பாலான பொருள்களுக்கு அந்தப் பழக்கமே போதும். ஆனால் இந்த இரண்டு கூடைகளிலும் அடங்காத ஒரு வகை உண்டு. பொருள் அதன் காலத்தில் செய்தது. வெள்ளி வெள்ளிதான். முத்திரையும், வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் முறையாகக் குத்திய முத்திரைதான். என்ன, அந்த முத்திரை அந்தப் பொருளுக்காகக் குத்தப்பட்டதில்லை. ஒரு சின்ன வெள்ளித் துண்டுக்குக் குத்தியதை வெட்டியெடுத்து, பெரிய பாத்திரம் ஒன்றின் அடியில் பற்றவைத்துவிட்டார்கள். அதைச் செய்தது பிற்காலத்து மோசடிக்காரர் யாரும் இல்லை. பாத்திரத்தைச் செய்த அதே வெள்ளிக் கொல்லர்தான், அதே ஆண்டில், அதே பட்டறையில்.

ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'ட்யூட்டி டாட்ஜர்' என்பார்கள். வரி ஏய்த்த வெள்ளி. சட்டத்தின் கண்ணில் இவையும் மற்றப் போலிகளும் ஒரே இனம். அது நியாயமா என்ற கேள்வி சில காலமாக என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது.

மாஸ்டரின் காபிக் கூஜா

நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுபவர் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பர்மிங்ஹாமுக்குக் குடிவந்தபின், அந்த ஊர் முத்திரை அலுவலகத்தின் நங்கூரக் குறியில் ஆரம்பித்து மெதுவாக மற்ற ஊர்களின் வெள்ளிக்கும் நகர்ந்தார். செஸ்டரின் மூன்று கதிர்க்கட்டும் வாளும், ஷெஃபீல்டின் கிரீடமும் எல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகத்தைத் திறக்காமல் ஆண்டெழுத்தைப் படிப்பார். எழுத்து மட்டும் போதாது என்பதை முதலில் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஒரே எழுத்து ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வெட்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆண்டு கிடைக்கும்.

அவரிடம் ஒரு காபிக் கூஜா இருக்கிறது. மேலே போகப்போகச் சற்றே குறுகும் நேரான உடல், கும்பிய மூடி, வளைந்த மூக்கு, கறுத்துப்போன மரப்பிடி. பூவேலை, கொடிவேலை எதுவும் கிடையாது. அந்தக் காலத்து லண்டன் வெள்ளியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வெறுமைதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாததால் சுத்தியலின் நேர்த்தி முழுக்கத் தெரியும். அடியில் நாலு முத்திரைகள்: கிரீடம் தரித்த சிறுத்தைத் தலை, நடக்கும் சிங்கம், 'கே' என்ற பெரிய எழுத்து, பாதி தேய்ந்த செய்தவர் முத்திரை. லண்டன் வரிசையில் அந்த 'கே' 1725 மே மாதத்திலிருந்து 1726 மே வரைக்குமானது. கூஜாவின் உருவமும் அந்த ஆண்டுகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அவ்வளவு அகலமான அடித்தட்டில் முத்திரைகளை ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் குத்தியிருக்கலாம். இவை நாலும் நடுவில் நெருக்கியடித்துக் கிடந்தன. அதைச் சொன்னதும் மாஸ்டர் கூஜாவைக் கவிழ்த்தபடியே என்னிடம் நீட்டினார். "தம்பி, கண்ணாடியில ஊதுற மாதிரி ஒருக்கா ஊதிப் பாரும்."

வெள்ளியை ஊதிப் பார்ப்பது பழைய வித்தை. வாயை அகலத் திறந்து சூடான மூச்சை விட்டால் வெள்ளியின் மேல் ஆவி படியும். பளபளப்பு மறையும். அந்த ஓரிரு நொடிகளில், கண்ணை மயக்கும் பிரதிபலிப்பு எதுவும் இல்லாமல் மேற்பரப்பு தன் உண்மையான நிறத்தோடு தெரியும். பற்றவைக்கும் பொடியில் வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அதனால் பற்றவைத்த இடம் மட்டும் நிறம் மாறி நிற்கும். மெருகு போட்டுப் போட்டு எவ்வளவு இழைத்திருந்தாலும் மூச்சுக்கு முன்னால் அது தப்பாது. நான் ஊதினேன். ஆவி படிந்து ஓரத்திலிருந்து விலகத் தொடங்கும்போது, முத்திரைகளைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் வந்தது. கொஞ்சம் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். ஆவி போனதும் வட்டமும் போனது. திரும்ப ஊதினேன், திரும்ப வந்தது. நாலு முத்திரைகளும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தன.

கூஜாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். தகட்டில் முத்திரை குத்தினால் அந்த அடி மறுபக்கத்தில் லேசாகவாவது தெரியும். பிறகு தட்டிச் சமன் செய்தாலும் மங்கலான நிழல் ஒன்று மிஞ்சும். உள்ளே அடிப்பக்கம் மழமழவென்று இருந்தது. முத்திரை குத்திய தகடு வேறு, கூஜாவின் அடித்தட்டு வேறு. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப இது போலியா, மாஸ்டர்?"

"கள்ளந்தான். ஆருடைய கள்ளம் எண்டு சொல்லும் பாப்பம்."

நாலின் கால்

அவர் கேட்டதற்கான பதில் அதே அடித்தட்டில் இருந்தது. முத்திரைகளுக்குப் பக்கத்தில், ஊசியால் கீறியதுபோல் '24=6' என்று எழுதியிருந்தது. வெள்ளிப் பாத்திரங்களின் அடியில் இப்படி எடையைக் கீறி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். 24 டிராய் அவுன்ஸ், 6 பென்னிவெயிட். இருபது பென்னிவெயிட் சேர்ந்தால் ஓர் அவுன்ஸ். இன்றைய கணக்கில் சுமார் 756 கிராம். வெள்ளி அன்று கிட்டத்தட்டப் பணம் மாதிரிதான், பெரிய வீடுகளில் எடையைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றுவார்கள், வேலையாள் எதையும் மாற்றிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். நமக்கு அதே கீறல் வேறு விதத்தில் உதவும். இன்றைய எடை அதைவிட ரொம்பக் குறைந்திருந்தால் தேய்மானம் அதிகம், அல்லது எதையோ அழித்திருக்கிறார்கள். கூடியிருந்தால் பிற்காலத்தில் எதையோ சேர்த்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்தில் பழைய மூடிக் குவளைகளுக்கு மூக்கு வைத்துத் தண்ணீர் ஜக்காக மாற்றுவது ஒரு தொழிலாகவே நடந்தது. அப்படிப்பட்டதைப் பிடிக்க இந்தக் கீறல் நல்ல துணை. மாஸ்டரின் கூஜாவை மரப்பிடியோடு நிறுத்தால் கீறிய எடையிலிருந்து அதிகம் விலகவில்லை.

ஆனால் என்னை அசைத்தது எடை இல்லை. அந்த 'நாலு'. அதை எழுதியவர் காலை நீளமாக இழுத்திருந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மறுபடி ஊதினால், வட்டக் கோடு தெரியும் அந்த நொடியில், நாலின் கால் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போவது தெரிகிறது. வெளியே அடித்தட்டில் ஆரம்பித்து, பற்றவைத்த கோட்டின்மேல் ஏறி, முத்திரைத் தகட்டுக்குள் முடிகிறது. எங்கும் அறுபடவில்லை. கீறலின் ஆழம் ஒன்றுதான், விளிம்பின் தேய்மானம் ஒன்றுதான், உள்ளே படிந்த கறுப்பும் ஒன்றுதான். எடையைக் கீறிய நாளில் அந்தத் தகடு ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கீறிய எண்களின் கையெழுத்தோ பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்து.

பிற்காலத்தில் ஒரு வியாபாரி, முத்திரை இல்லாத பழைய கூஜாவுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமென்று உடைந்த தட்டொன்றிலிருந்து முத்திரையை வெட்டி ஒட்டியிருந்தால், அந்த ஒட்டுக்கோடு கீறலை வெட்டிக்கொண்டு போயிருக்கும். இங்கே கீறல் கோட்டை வெட்டுகிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் ஒட்டு, அப்புறம்தான் எடை. கூஜா பட்டறையை விட்டு வெளியே வரும்போதே பொய்யோடுதான் வந்திருக்கிறது.

யார் யாரை ஏமாற்றினார்கள்

அந்தப் பொய்யின் விலையைக் கணக்குப் போட முடியும், மாஸ்டர் போட்டும் காட்டினார். 1697 முதல் இங்கிலாந்தில் வெள்ளிப் பாத்திரங்களுக்குத் தரத்தை ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி என்ற ஸ்டெர்லிங்கிலிருந்து 958.4 ஆக உயர்த்தியிருந்தார்கள். நாணயங்களை ஓரம் சீவியும் உருக்கியும் பாத்திரமாக்குவதைத் தடுக்கத்தான் அது. சிறுத்தையும் சிங்கமும் போய் பிரிட்டானியா உருவம் வந்த காலம். 1720 ஜூனில் ஸ்டெர்லிங்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், கூடவே புதிதாக ஒரு வரி: அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ். நாணயச் சாலையின் கணக்கில் ஓர் அவுன்ஸ் ஸ்டெர்லிங்கின் விலையே ஐந்து ஷில்லிங் இரண்டு பென்ஸ், அதாவது 62 பென்ஸ். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது. வரியை வசூலித்தது தனி அலுவலகம் எதுவும் இல்லை. முத்திரை குத்த கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குப் பொருளை எடுத்துப்போனால், எடை போட்டு அங்கேயே வரியை வாங்கிக்கொள்வார்கள். ஆக, முத்திரைதான் ரசீது.

24 அவுன்ஸ் 6 பென்னிவெயிட் கூஜாவுக்கு வரி கிட்டத்தட்ட 12 ஷில்லிங்கும் 2 பென்ஸும். அதற்குப் பதிலாக இரண்டு அவுன்ஸில் ஒரு சின்னத் தட்டைச் செய்து அனுப்பினால் ஒரு ஷில்லிங்கோடு போயிற்று. தட்டு முத்திரையோடு திரும்பி வரும். அதன் நடுவை வட்டமாக வெட்டிக் கூஜாவின் அடியில் வைத்துவிட்டு மிச்சத்தை உருக்கிக்கொள்ளலாம். ஒரு கூஜாவில் பதினொரு ஷில்லிங் மிச்சம். பெரிய பட்டறையில் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் துணிந்தவர்கள் ஹாலுக்கே போகாமல் தங்கள் சொந்த முத்திரையையே மூன்று நாலு முறை குத்தி, தூரத்திலிருந்து பார்த்தால் முழு ஹால்மார்க் போலத் தெரியும்படி செய்துவிட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் ஏதோ சந்து முனையில் இருந்த கத்துக்குட்டிகள் என்று நினைக்க வேண்டாம். அந்த நூற்றாண்டு லண்டனின் பெரிய கை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பால் டி லாமரியின் பட்டறையிலிருந்து வந்த பொருள்களிலும் வரி ஏய்த்தவை உண்டு. அவர், ஹாலை நடத்தும் கொல்லர் சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர். தங்கம் வெள்ளி வேலையில் நடக்கும் மோசடிகளைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டும் என்று 1738-இல் கம்பெனி முயன்றபோது, அதற்கான குழுவிலும் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டம் வந்தபின் எல்லாக் கொல்லர்களும் பழைய முத்திரையை விட்டுவிட்டுப் புது முத்திரை பதிவு செய்ய வேண்டியிருந்தது, அவரும் செய்தார். இதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளியின் மாற்றுக் குறையக் கூடாது என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்திருக்கலாம். வரி என்பது அவர் மனத்தில் வேறு கணக்கில் கிடந்திருக்கலாம். ஒரே முத்திரை இரண்டு வேலை செய்ததால் வந்த வினை இது. தரத்துக்குச் சாட்சி என்பது ஒரு வேலை. அரசாங்கத்துக்குப் பணம் கட்டியதற்கு ரசீது என்பது இன்னொரு வேலை. முதல் வேலை 1300-லிருந்து நடப்பது, முதலாம் எட்வர்டின் சட்டம் சிறுத்தைத் தலையைக் கொண்டுவந்த நாளிலிருந்து. இரண்டாவது 1720-இல் தலையில் ஏற்றிய சுமை. கொல்லர்கள் ஏய்த்தது இரண்டாவதை.

அரசாங்கத்துக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 1758-இல் அவுன்ஸ் வரியை எடுத்துவிட்டு, வெள்ளி விற்பவர்கள் உரிமக் கட்டணம் கட்டினால் போதும் என்று மாற்றினார்கள். முத்திரையைப் போலி செய்தால் தூக்கு என்ற கடுமையும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. 1773-இல் அதை 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1784-இல் திரும்ப வரி போட்டபோது முன்பு செய்யாத ஒன்றைச் செய்தார்கள்: வரி கட்டியதற்கென்றே தனி முத்திரை, அரசரின் தலை. 1890-இல் வரி போகும்வரை ஒவ்வொரு வெள்ளிக் கரண்டியிலும் அந்தத் தலை நிற்கும். இன்று கையில் எடுக்கும் கரண்டியில் அந்தத் தலையைப் பார்க்கும்போது பலரும் அதைக் காலம் கணிக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது, ரசீது கடைசியில் தரச் சாட்சியிலிருந்து பிரிந்து தனியாக நின்ற இடம்.

கண்ணாடியும் மோதிரமும்

இந்தக் கூஜாவுக்குப் பிறகு நான் மற்றப் பொருள்களைப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹால்மார்க் கிடையாது. கீழே செய்தவர் பெயர் இருந்தாலும் அது அவரே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் ஒருவர் சோதித்துப் பார்த்துச் சொன்னது இல்லை. லாலிக் கண்ணாடியில் 'ஆர்' எழுத்தோடு பெயர் இருந்தால் அது பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945-இல் இறப்பதற்கு முந்தையது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வேறு கண்ணாடிகளில் அந்தப் பெயரைப் பிற்பாடு பொறித்து விற்கிறார்கள். ஆனால் பழைய ஆங்கிலேயக் கண்ணாடியில் வேறொரு சாட்சி இருக்கிறது, அதுவும் வரியால் வந்ததுதான். 1745-இன் சட்டம் கண்ணாடிக்கு, உருக்கும் பொருளின் எடையை வைத்து வரி போட்டது. ஈயம் கலந்த கண்ணாடிக்கு அழகே கனம். கனத்துக்கு வரி என்றால் என்ன செய்வார்கள்? கோப்பைகள் இளைத்தன. வரி இல்லாத அயர்லாந்தில் கனமான, ஆழமாக வெட்டுப்போட்ட கண்ணாடி செழித்தது. வாட்டர்ஃபோர்டில் 1783-இல் பட்டறை தொடங்கியதற்குப் பின்னால் இந்த வித்தியாசமும் ஒரு காரணம். 1825-இல் அயர்லாந்துக்கும் வரி வந்தது, 1845-இல் இரண்டு இடத்திலும் போனது. கண்ணாடியின் கனத்தைக் கையில் உணரும்போது நான் இப்போது ஒரு வரிச் சட்டத்தையும் சேர்த்தே தூக்குகிறேன்.

நகையில் விஷயம் இன்னும் சுருக்கம். மோதிரத்தின் உள்பக்கம் 15 காரட் என்றிருந்தால் அது 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது. அந்த அளவு சட்டத்தில் இருந்ததே அவ்வளவு காலம்தான். ஆனால் முத்திரை இருப்பது வளையத்தில், கல் இருப்பது மேலே. தேய்ந்த வளையத்தை வெட்டியெடுத்து வேறு வளையம் பூட்டுவது பொற்கொல்லர்களுக்கு அன்றாட வேலை. முத்திரை வளையத்துக்கு மட்டும் சாட்சி. மேல்பகுதிக்கு யார் பொறுப்பு என்று தனியாகக் கேட்க வேண்டும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே முத்திரை இடம் மாறிப்போகும் இடம் இது.

நாங்கள் ஒத்துப்போகாத இடம்

பிரிட்டனின் 1973 ஹால்மார்க் சட்டத்தின்படி ஒரு பொருளின் முத்திரையை எடுத்து இன்னொன்றில் வைப்பது குற்றம், அப்படிப்பட்டதைத் தெரிந்துகொண்டே விற்பதும் குற்றம். சந்தேகத்துக்குரிய பழம்பொருள்களைப் பார்க்க கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியில் பழம்வெள்ளிக் கமிட்டி ஒன்று இருக்கிறது. பொருளை அங்கே கொடுத்தால் நிபுணர்கள் ஆராய்வார்கள், வெள்ளியையும் சோதிப்பார்கள். தவறான முத்திரையை அழித்துவிட்டு இன்றைய முத்திரையைக் குத்தி விற்பனைக்கு அனுமதிப்பது அவர்கள் கையில் உள்ள வழிகளில் ஒன்று.

மாஸ்டர் அந்த வழிதான் சரி என்கிறார். விற்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை, ஆனாலும் கொள்கையாகச் சொல்கிறார். "விடை சரி எண்டாலும் பாத்தெழுதினதுக்கு மார்க்ஸ் போட ஏலாது, தம்பி." அவருடைய வாதத்தில் பலம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஹாலில் முத்திரை குத்துமுன் உடலிலிருந்து, மூடியிலிருந்து, மூக்கிலிருந்து என்று ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் சுரண்டியெடுத்து மாற்றுப் பார்ப்பார்கள். இந்தக் கூஜாவை அப்படி யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. 1725-இல் இதை வாங்கியவர், சிங்கத்தைப் பார்த்து 925 என்று நம்பிக் காசு கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை கூஜாவில் இல்லை, உருக்கிப்போன ஒரு சின்னத் தட்டில் இருந்தது. வெள்ளி நல்ல வெள்ளியாகவே இருந்தாலும், சோதித்தோம் என்ற சொல் பொய். கருவூலத்தை மட்டும் ஏய்த்தார்கள், வாங்கியவரை ஏய்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் மாஸ்டர் என்னை அசைத்துவிட்டார்.

ஆனாலும் அழிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. அந்த நாலு முத்திரைகளையும் ஒட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான, ஊமையான கூஜா. 1720-இன் வரி ஒரு பட்டறைக்குள் என்ன செய்தது என்பதை எந்த ஆவணத்தைவிடவும் தெளிவாகச் சொல்லும் இடம் அந்தக் கட்டைவிரல் அகல வட்டம். வரிக் கணக்குப் புத்தகத்தில் கட்டிய வரி இருக்கும். கட்டாத வரிக்குச் சாட்சி இப்படிப்பட்ட பொருள்கள்தான். பிற்கால வியாபாரி ஒருவர் லாபத்துக்காக ஒட்டிய முத்திரையை அழித்தால் ஒரு மோசடி நீங்குகிறது. செய்தவரே ஒட்டியதை அழித்தால் அவர் செய்த வேலையிலேயே ஒரு பகுதி போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. வாங்குபவரைக் காப்பாற்றப் பக்கத்தில் புதிதாக ஒரு முத்திரை குத்தட்டும், இது சோதித்த வெள்ளி, பழைய முத்திரை இதற்குரியது இல்லை என்று சொல்லும்படி. பழையதில் கை வைக்காமல் குத்தட்டும். அடித்தட்டில் இடம் நிறைய இருக்கிறது.

நடைமுறையில் இதெல்லாம் எப்படி முடியும் என்பது கூஜா மாஸ்டர் கையை விட்டுப் போகும் நாளைப் பொறுத்தது. அவர் மகளுக்கு வெள்ளியில் நாட்டம் இல்லை, அதனால் தெரியாமல் விற்றுவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. சென்ற மாதம் இருவரும் உட்கார்ந்து கூஜாவுக்கு ஒரு குறிப்பு எழுதினோம். எடை, முத்திரைகளின் படம், உள்பக்கத்தின் படம், நாலின் கால் ஒட்டுக்கோட்டைத் தாண்டும் இடத்தின் படம். ஆவி விலகும் நேரத்தில் படம் எடுப்பது லேசான காரியமில்லை. ஒருவர் ஊத, மற்றவர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க, கடைசியில் ஒன்று தெளிவாக விழுந்தது. விற்க வேண்டி வந்தால் முதலில் கமிட்டியிடம் காட்ட வேண்டும் என்று மாஸ்டர் எழுதினார். அதற்குக் கீழே, முத்திரையை அழிக்கச் சொன்னால் விற்காமல் அருங்காட்சியகம் ஒன்றிடம் கேட்டுப்பார்க்கவும் என்று நான் எழுதினேன். அவர் அதை அடிக்கவில்லை. "உம்மட கருத்து எண்டு பேரைப் போடும்" என்றார். போட்டிருக்கிறேன்.